ஓட்டத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று: குமரிக்கடல் படகுகளுக்குப் பேட்டரி தேர்வு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பேட்டரிக் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "வண்டிக்கா அண்ணே, வீட்டுக்கா?" ஒரு பக்கத்து அலமாரியில் கார், லாரி, பைக் பேட்டரிகள் இருக்கும். மறுபக்கத்தில் இன்வெர்ட்டருக்கான உயரமான டியூபுலர் பேட்டரிகள் இருக்கும். "வள்ளத்துக்கு" என்று சொன்னால் அவர் சற்று யோசித்துவிட்டு இரண்டில் ஒன்றை எடுத்து வைப்பார். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளும் நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான படகுகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று கடையில் மூன்றாவது அலமாரி இல்லை. சாலையில் ஓடுவதற்கும் வீட்டு மூலையில் நிற்பதற்கும் செய்த பொருளைத்தான் உப்பிலும் வெயிலிலும் அலையிலும் கொண்டுபோய் வைக்கிறோம்.

படகில் பேட்டரியின் வேலை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. விளக்கு மட்டும் எரிந்த இடத்தில் இன்று ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ, வயர்லெஸ், இருப்பிடம் அறிவிக்கும் ட்ரான்ஸ்பாண்டர், கைபேசி எல்லாம் அதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. இப்போது ட்ரோலிங் மோட்டார் எனப்படும் சிறிய மின்மோட்டாரும் பேச்சில் அடிபடுகிறது. இத்தனை வேலைக்கும் எந்த பேட்டரி, எத்தனை, எப்படி என்ற முழுக்கேள்வியையும் நம் கடலின் நிலைமையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படகுக்குப் படகு வேறுபடும் தேவை

நம் கடற்கரைப் படகுகளை மின்சாரத் தேவையின்படி மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வெளிப்பொருத்து எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளம். இதில் பெரும்பாலும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினைக் கயிறு இழுத்தே கிளப்புகிறார்கள். ஆகவே எஞ்சினைக் கிளப்ப பேட்டரி தேவையில்லை. இப்படிப்பட்ட எஞ்சின் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதும் அரிது. விளக்கு, ஜிபிஎஸ், எக்கோ, வயர்லெஸ் ஆகியவற்றுக்காக ஒரு பேட்டரியை மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்துக் கொண்டுபோய், கரை வந்ததும் வீட்டுக்குத் தூக்கிவந்து சார்ஜ் போடுவதே வழக்கம்.

இரண்டாவது, சின்னமுட்டம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து போகும் விசைப்படகு. உள்ளே டீசல் எஞ்சின், அதைக் கிளப்ப ஸ்டார்ட்டர், ஓடும்போது சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் இதில் உண்டு.

மூன்றாவது, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகு. வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள் இவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளி இருக்கும்போது ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கிவிட்டால், அவ்வளவு பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது.

மூன்று படகுகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. பேட்டரி வாங்கும் முன் இந்தப் படகில் அது என்ன வேலை செய்யப்போகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தகட்டின் தடிமனில் இருக்கிறது விஷயம்

1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து உருவாக்கிய பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மாறியது தகட்டின் அமைப்புதான்.

கார் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஓரிரு விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தந்துவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிலிருந்து திரும்ப நிரம்பிக்கொள்வதே அதன் வேலை. அதை இரவெல்லாம் விளக்குக்கும் எக்கோவுக்கும் கொடுத்துக் காலையில் காலியாக்கினால், தகட்டில் ஒட்டிய பசை உதிரத் தொடங்கும். நூறு முறைகூட அதைத் தாங்காத பேட்டரிகள் உண்டு. "புதுசா வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள வீக் ஆயிட்டு" என்று வள்ளக்காரர் சொல்லும் குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தப் பேட்டரி கெட்டதல்ல. ஓட்டப்பந்தயக்காரனைச் சுமை தூக்க அனுப்பியதுதான் தப்பு.

மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறும் வேலைக்குத் தடித்த தகடு வேண்டும். இன்வெர்ட்டர், சோலார் ஆகியவற்றுக்கு வரும் டியூபுலர் வகையில் நேர்முனைத் தகட்டின் பசை குழாய்போன்ற உறைக்குள் அடைபட்டிருப்பதால் உதிர்வது குறைவு. அதன் குறை எடைதான். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) உயர டியூபுலர் ஒன்று அமிலத்தோடு சேர்த்து 50 கிலோவைத் தாண்டும். திறந்த மூடியும் அலையில் சாயும் படகும் சேர்ந்தால் அமிலம் சிந்தும். அது வீட்டு மூலைக்கே ஏற்றது.

ஏஎச் என்ற எண் சொல்வதும் மறைப்பதும்

பேட்டரியின் மேல் 100 ஏஎச் என்று எழுதியிருந்தால், 100 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் என்று பொருளல்ல. வழக்கமாக அது 20 மணி நேரக் கணக்கு. தொடர்ந்து 5 ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம் வரும். சோலார் பேட்டரிகளில் 10 மணி நேரக் கணக்கு. வாங்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணாக இருந்தாலும் 10 மணிக் கணக்கில் 100 ஏஎச் என்பது 20 மணிக் கணக்கில் 100 ஏஎச் என்பதைவிடப் பெரிது.

வேகமாக எடுக்க எடுக்க ஈய பேட்டரி தரும் மொத்த அளவு சுருங்கும். இதை 1897-இல் ஜெர்மனியின் பாய்கெர்ட் சூத்திரமாக்கினார். அவர் கணக்கின்படி சாதாரண 100 ஏஎச் ஈய பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் எடுத்தால் இரண்டு மணி நேரம் கிடைக்காது. ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதாவது 100-இல் 60 சொச்சம் மட்டுமே கைக்கு வருகிறது. விளக்குக்கும் எக்கோவுக்கும் இது பெரிய தொல்லையில்லை. மோட்டார் ஓட்டப் போகிறவருக்கு இதுவே முதல் பாடம்.

அடுத்தது வோல்ட் கணக்கு. ஓய்வில் இருக்கும் நிறைந்த ஈய பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதிதான் மீதி. 12-க்குக் கீழே போய்விட்டால் தகட்டில் கந்தகப் படிவு இறுகத் தொடங்கும். பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் ஈய பேட்டரி பல மடங்கு அதிக நாள் உழைக்கும். ஆகவே 100 ஏஎச் ஈய பேட்டரியை 50 ஏஎச் என்றே மனதில் கொள்வது நல்லது.

ஒரு வள்ளத்தின் இரவுக் கணக்கு

மாலை 4 மணிக்குப் போய் விடியற்காலை 4 மணிக்குத் திரும்பும் வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் சேர்ந்த சிறிய திரை ஒரு ஆம்பியர் எடுக்கும். 12 மணி நேரத்துக்கு 12 ஏஎச். வயர்லெஸ் கேட்டுக்கொண்டே இருக்க அரை ஆம்பியருக்கும் குறைவு போதும். அதற்கு 5 ஏஎச். அதில் பேசும்போது 25 வாட் சக்திக்கு 5 ஆம்பியருக்கு மேல் போகும். இரவு முழுதும் மொத்தம் 20 நிமிடம் பேசினால் 2 ஏஎச். 10 வாட் எல்இடி விளக்கு இரண்டு, 8 மணி நேரம் எரிந்தால் 14 ஏஎச். வழிகாட்டும் சிறு விளக்குக்கு 3. கைபேசிகளுக்கு 2 அல்லது 3. மொத்தம் 38 ஏஎச்.

பாதி விதிப்படி பார்த்தால் ஈய பேட்டரி 75 ஏஎச் வேண்டும். லித்தியமானால் 50 ஏஎச் போதும். எடையில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 75 ஏஎச் ஈயம் 20 கிலோ பக்கம் வரும். 50 ஏஎச் லித்தியம் 6, 7 கிலோதான். நாள்தோறும் மணலில் கால் புதையப் புதையத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

இந்தக் கணக்கைக் கடைக்காரர் போடமாட்டார். படகுக்காரரே ஒரு தாளில் போட வேண்டும். கால் மணி நேர வேலைதான். பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

வயரில் தொலையும் வோல்ட்

இங்கே ஒரு சிறிய விஷயத்தை உற்றுப் பார்க்க வேண்டும். கடலில் பயன்படும் வயர்லெஸ் செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு 15 விழுக்காடு கூடுதல் குறைவுக்குள் இயங்க வடிவமைக்கப்படுகின்றன. அதாவது கீழ் எல்லை ஏறக்குறைய 11.7 வோல்ட்.

பேட்டரி பின்பக்கம், செட் முன்பக்கம். போகவர 10 மீட்டர் வயர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பாதி இறங்கிய பேட்டரியில் 12.2 இருந்தாலும் செட்டுக்குப் போய்ச் சேருவது 11.6. பேட்டரியில் சார்ஜ் இருக்கும், திரை எரியும், மற்றவர் பேச்சு கேட்கும். பேச முயன்றால் மட்டும் குரல் போகாது. அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான், செட்டுக்கு 12 வோல்ட் கிடைத்துவிடும்.

டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் வயரின் முனையில் செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும்; முறுக்கிச் சொருகிய இணைப்பில் உப்புநீர் ஏறியிருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்து, உலரவிட்டு, இறுக்கி, வாஸ்லின் தடவினால் போதும். அப்படிச் செய்யாமல் பேட்டரியை மாற்றுகிறவர்கள் நிறைய. வெள்ளீயம் பூசிய செம்பு வயர், இறுக்கிப் பொருத்திய முனை, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் என்ற மூன்றும் இருந்தால் பழைய பேட்டரியே புதிதுபோல் நடக்கும்.

வகைகளை ஒப்பிட்டால்

தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு விலை குறைவு. எந்த ஊரிலும் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால் பணமும் கிடைக்கும். அதற்கு வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கடலோரக் கிணற்று நீரில் இருக்கும் உப்பு தகட்டைத் தின்றுவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய அறையில், சமையல் நடக்கும் விசைப்படகில் இதைக் கவனிக்காமல் இருக்கக்கூடாது. இன்னொரு ஆபத்து கடல்நீர். திறந்த ஈய பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு உருவாகும். நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் நெடுங்காலமாக அஞ்சிவந்த விபத்து இது. படகின் அடியில், பில்ஜ் தண்ணீர் ஏறும் இடத்தில் பேட்டரியை வைக்கவே கூடாது.

மூடிய ஏஜிஎம், ஜெல் வகைகளும் ஈய பேட்டரிகளே, ஆனால் சிந்தாதவை. சாய்ந்தாலும் பரவாயில்லை. குலுக்கலைத் தாங்கும். அதிக வோல்ட்டில் சார்ஜ் ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வற்றிவிடும். திரும்ப ஊற்ற வழியில்லை. சரியான சார்ஜர் உள்ளவருக்கு, எடை பெரிய விஷயமில்லாத விசைப்படகுக்கு, இது நடுத்தரமான நல்ல தேர்வு.

லித்தியத்தில் பல வகைகள் உண்டு. படகுக்குப் பொருத்தமானது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழுவில் இந்தியர்களான அக்ஷயா பதியும் நஞ்சுண்டசாமியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. கைபேசியில் இருக்கும் லித்தியம் வகைகளைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. 80 விழுக்காடு வரை இறக்கினாலும் 2,000 முறைக்கு மேல் உழைக்கும். அதே ஏஎச் உள்ள ஈய பேட்டரியைவிட விலை இரண்டு, மூன்று மடங்கு வரும். ஆனால் பயன்படும் அளவையும் உழைக்கும் ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாள்தோறும் இறக்கி ஏற்றுகிறவருக்கு லித்தியமே மலிவு. மாதத்துக்கு நாலு முறை கடலுக்குப் போகிறவருக்கு அப்படியல்ல.

லித்தியத்தின் இரண்டு குணங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அதன் வோல்ட் கடைசி வரை 13 பக்கத்திலேயே நிற்கும். மல்டிமீட்டர் வைத்து எவ்வளவு மீதி என்று ஊகிக்க முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மானிட்டர் வேண்டும். இரண்டு, அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் அளவு தாண்டினால் முன்னறிவிப்பின்றி மொத்தமாகத் துண்டித்துவிடும். ஈய பேட்டரியில் விளக்கு மங்கி எச்சரிக்கை தரும். லித்தியத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அடுத்த நொடி இருட்டாகும்.

விசைப்படகில் ஆல்டர்னேட்டரை லித்தியத்தோடு நேராக இணைப்பதும் தவறு. லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். எஞ்சின் ஓடும்போது லித்தியம் திடீரெனத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். இடையில் டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். பழைய மின்ஸ்கூட்டரிலிருந்து பிரித்தெடுத்த செல்களை ஒட்டிச் செய்த பெட்டிகளை மலிவு என்று வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது.

ட்ரோலிங் மோட்டார் நம் கடலில் எங்கே பொருந்தும்?

1934-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் தண்டும் விசிறியும் பொருத்திச் செய்த கருவியிலிருந்து இந்த மோட்டாரின் வரலாறு தொடங்குகிறது. மின்னசோட்டா, டகோட்டா என்ற பெயர்களை இணைத்தே அந்த மோட்டாருக்கு மின்கோட்டா என்ற பெயர் வந்தது. ஏரியில் சத்தமில்லாமல் மெதுவாகத் தூண்டில் இழுத்துப் போவதற்காகப் பிறந்தது அது. அந்தப் பிறப்பை மறந்தால் தேர்வு தவறும்.

இதன் தள்ளுவிசையைப் பவுண்டில் சொல்வார்கள். 55 பவுண்டு வரை 12 வோல்ட், 80 வரை 24 வோல்ட், 112 பவுண்டு 36 வோல்ட் என்பது பொதுவான வரிசை. படகின் மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு தள்ளுவிசை வேண்டும் என்பது நடைமுறை விதி. வலையும் ஆளும் மீனும் சேர்ந்து இரண்டரை டன் வரும் வள்ளத்துக்கு இந்த விதிப்படி 110 பவுண்டு ஆகிறது. அதாவது மூன்று 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 36 வோல்ட் அமைப்பு. முழு வேகத்தில் 50 ஆம்பியருக்கு மேல். 100 ஏஎச் ஈய பேட்டரிகள் மூன்று வைத்து, பாதிக்குமேல் இறக்காமல் ஓட்டினால் முக்கால் மணி நேரம்கூட நிற்காது. அதே அளவு லித்தியம் ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஓடும்.

இதுவும் அமைதியான நீருக்குச் சொன்ன கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் கரையில் அலை முறியும் இடத்தைத் தாண்டுவதற்கு நொடிக் கணக்கில் முழுவிசை வேண்டும். அந்த இடத்தில் ட்ரோலிங் மோட்டாரை நம்பிப் போவது கூடாது.

அப்படியானால் மின்மோட்டாரையே முதன்மை எஞ்சினாக வைக்க முடியாதா? 9.9 குதிரைத்திறன் என்பது 7 கிலோவாட்டுக்கு மேல். நாலு மணி நேரத்தில் சராசரி 5 கிலோவாட் என்றாலும் 20 யூனிட் மின்சாரம். 150 ஏஎச் ஈய பேட்டரி ஒன்றில் பாதி என்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆக 20-க்கு மேற்பட்ட பேட்டரிகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. லித்தியத்தில் 200 கிலோவுக்கு மேல். வள்ளத்தில் ஈயம் ஏற்றினால் மீனுக்கு இடமில்லை. லித்தியம் ஏற்றினால் முதலீடு பல லட்சம்.

ஆனால் இது மூடிய கதவல்ல. நமக்கு வடக்கே வைக்கத்தில் 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஆதித்யா படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய மின்சாரத்தில் காயலைக் கடக்கிறது. லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார் தகடு, அமைதியான நீர், நிலையான வழித்தடம், கரையில் சார்ஜ் வசதி என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் அது. நம் மாவட்டத்தில் அந்த நிபந்தனைகளுக்கு அருகில் வருபவை பழையாறு கடலோடு சேரும் மணக்குடிக் காயல், குழித்துறை ஆறு சேரும் தேங்காய்ப்பட்டணப் பொழிமுகம், பேச்சிப்பாறை போன்ற நீர்த்தேக்கங்கள். அங்கே சிறு படகுக்கு 55 பவுண்டு மோட்டாரும் ஒரு 100 ஏஎச் லித்தியமும் போதும். எண்ணெய் சிந்தாது, சத்தம் இல்லை, மீனும் கலையாது.

கடலில் இன்னொரு இடமும் உண்டு. கலவா, விளமீன், கணவாய் என்று தூண்டில் போடுகிறவர் பார் எனப்படும் கடலடிப் பாறையின் மேலேயே படகை நிறுத்த வேண்டும். நீரோட்டம் இழுத்துக்கொண்டே இருக்கும். நங்கூரம் போட்டால் பாரில் சிக்கி அறுபடும். ஜிபிஎஸ்ஸோடு இணைந்து, படகை ஒரே புள்ளியில் பிடித்துவைக்கும் ட்ரோலிங் மோட்டார்கள் இப்போது வந்துவிட்டன. கரையில் தெரியும் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்கோட்டில் வைத்துப் பாரைக் கண்டுபிடித்த நம் பெரியவர்களின் கண்ணுக்கு இணையான வேலையை இது செய்யாது. கண்டுபிடித்த இடத்தில் நின்று தொழில் செய்ய உதவும். காற்று குறைந்த நாளில், முதன்மை எஞ்சின் தயாராக இருக்கும்போது, இரண்டாவது கையாக மட்டும் இதை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முட்டத்தில் படகுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உழைத்த பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜிலே அந்த அனுபவத்தை 1985-இல் எழுதிய நூலுக்குச் சிறியது கடினம் என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். சிறு படகுக்குப் புதுக்கருவி கொண்டுவருவது பெரிய கப்பலுக்குக் கொண்டுவருவதைவிடக் கடினமானது. எடை, விலை, அலை, தூக்கும் தோள் என்று எல்லாமே அங்கே நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

உப்பும் சூடும் தடைக்காலமும்

பேட்டரியைக் கொல்வதில் உப்புக்கு அடுத்தது சூடு. சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவிதி. வெயிலில் கிடக்கும் கருப்புப் பெட்டிக்குள் பேட்டரியை வைப்பதைவிட, வெள்ளைப் பெட்டியில், நிழலில், காற்றோட்டத்தோடு வைத்தால் ஓர் ஆண்டாவது கூடுதலாக உழைக்கும். பெட்டி அசையாமல் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அலையில் தாவி விழும் வள்ளத்தில் கட்டாத பேட்டரியின் தகடு உள்ளேயே உடையும்.

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரி ஆய்வையும் கடல் அரிப்பு ஆய்வையும் ஒரே கூரையின் கீழ் நடத்துகிறது. படகு பேட்டரிக்குத் தேவையான இரண்டு அறிவும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அவை கடற்கரைக்கு வந்துசேரும் வழி மட்டும் அகலமாக வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் வரும் 61 நாள் தடைக்காலம் பேட்டரிக்குத் தனிச் சோதனை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரை விதிப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரை விதிப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பேட்டரியைப் படகிலேயே விட்டுவிட்டால், ஈய வகை மாதத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு தானாக இறங்கும். ஏதேனும் ஒரு சிறு விளக்கு இணைப்பில் இருந்தால் முழுதும் இறங்கிக் கந்தகம் இறுகிவிடும். தடை முடிந்து கடலுக்குப் போகும் நாளில் பேட்டரி வீக் ஆவது இதனால்தான். ஈய வகையைக் கழற்றி, நிரப்பி, மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவுக்கு இறக்கிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். படகு கரையில் நிற்கும் இந்த நாள்களே வயரிங் முழுவதையும் பார்க்க ஏற்ற காலம்.

வள்ளத்துக்குச் சார்ஜ் ஏற்ற வீட்டுக்குத் தூக்கிப் போகும் வழக்கத்துக்கு மாற்றாக 50 வாட் சோலார் தகடு ஒன்றைப் பொருத்தலாம். நம் வெயிலில் நாளொன்றுக்கு 200 வாட்மணி பக்கம், அதாவது 15 ஏஎச் கிடைக்கும். மேலே சொன்ன இரவுக் கணக்கில் பாதிகூட வராது. ஆனால் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் எடுப்பதில் பெரும்பகுதியை இது ஈடுகட்டும்.

குரலுக்கென்று ஒரு பேட்டரி

2017 நவம்பர் 30-ஐக் குமரிக் கடற்கரை மறக்காது. ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களை இழந்தோம். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை என்ற வேதனை அதன்பின் எல்லோர் வாயிலும் இருந்தது. அதன் பிறகுதான் சாட்டிலைட் போன், நேவிக் செயற்கைக்கோள் வழிகாட்டி, இஸ்ரோ ட்ரான்ஸ்பாண்டர் என்று கருவிகள் படகுக்கு வரத் தொடங்கின. 2024 ஆகஸ்ட் 30-இல் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு ட்ரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் மும்பைக்கு வடக்கே பால்கரில் தொடங்கப்பட்டது.

கருவி கொடுத்தாயிற்று. அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிர் காக்கும் வயர்லெஸ், விளக்குக்கும் பாட்டுக்கும் கைபேசிக்கும் உழைக்கும் அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தால், இரவின் கடைசி மணியில் அது இறங்கியிருக்கும். ட்ரோலிங் மோட்டாரும் அதிலேயே இணைந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

எனவே இக்கட்டுரை சொல்ல வரும் முதன்மையான கருத்து இதுதான்: ஓட்டத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. எந்த வகைப் படகானாலும் வயர்லெஸ், ஜிபிஎஸ், ட்ரான்ஸ்பாண்டர் ஆகிய மூன்றுக்கும் தனியாக ஒரு சிறு பேட்டரி வேண்டும். அதில் வேறு எதையும் இணைக்கக்கூடாது. மூன்றும் ஓர் இரவில் எடுக்கும் ஏஎச்சைக் கூட்டி, பாதி விதிப்படி அதைப்போல் இரு மடங்கு அளவுள்ள மூடிய ஏஜிஎம் அதற்கு வேண்டும். முன்னறிவிப்பின்றித் துண்டிக்கும் லித்தியத்தைவிட, மெல்ல இறங்கி எச்சரிக்கும் ஈய வகையே இந்த ஒரு இடத்துக்குப் பொருத்தம். அதைத் தண்ணீர் ஏறும் அடிப்பக்கத்தில் வைக்காமல், உயரத்தில், வயர்லெஸ் செட்டுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். வயரின் நீளம் குறையும், வோல்ட்டும் தொலையாது. கரையேறும்போதெல்லாம் அதை நிரப்பிவைக்க வேண்டும்.

தேர்வைத் தொகுத்தால்

கயிறு இழுத்துக் கிளப்பும் வள்ளத்துக்கு, நாள்தோறும் தொழில் உண்டென்றால் 50 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட். இடையிடையே போகிறவரானால் 75 ஏஎச் தடித்த தகடு ஈய பேட்டரி. இரண்டிலும் குரல் பேட்டரி தனி. மூடிய கார் பேட்டரியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

விசைப்படகுக்கும் ஆழ்கடல் படகுக்கும் ஸ்டார்ட்டருக்கு மெல்லிய தகடு ஸ்டார்டிங் பேட்டரி. விளக்கு முதலான மற்றவற்றுக்குத் தடித்த தகடு அல்லது ஏஜிஎம். இரண்டுக்கும் நடுவே பிரிக்கும் ஸ்விட்ச். இரவு விளக்கு ஸ்டார்ட்டரின் சார்ஜைக் குடிக்கக்கூடாது. இங்கும் குரல் பேட்டரி தனி.

காயலிலும் அணையிலும் ட்ரோலிங் மோட்டார் வைப்பவருக்கு லித்தியமே சரி. எத்தனை பவுண்டு என்பதைப் படகின் எடையிலிருந்து கணக்கிட்டு, மோட்டார் முழு வேகத்தில் எடுக்கும் ஆம்பியரைப் பாதுகாப்புச் சர்க்யூட் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். கடலில் அதைத் துணைமோட்டாராக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் கடலிலோ கரையிலோ போடக்கூடாது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. ஈயத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்த முடியும். மீன் வளரும் நீரில் ஈயம் கலந்தால் அது நம் சோற்றுத்தட்டுக்கே திரும்பி வரும்.

கடையில் மூன்றாவது அலமாரி வரும் நாள் தொலைவில் இல்லை என்று நம்புகிறேன். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கேட்டால், மீன்வளத் துறை கருவிக்குத் தரும் மானியத்தில் அதற்கான பேட்டரியையும் வயரையும் சேர்த்தால், காரைக்குடியின் அறிவு இங்கே வந்தால் அது நடக்கும். அதுவரை நம் கையில் இருப்பது ஒரு தாளும் ஒரு மல்டிமீட்டரும். கடலுக்குப் போகும் முன் வயர்லெஸ்ஸின் பட்டனை அழுத்திப் பேசிப் பாருங்கள். பேசும்போது செட்டின் முனையில் மல்டிமீட்டர் 12-க்கு மேல் காட்டினால் புறப்படுங்கள். காட்டாவிட்டால் அன்றைய பாடு போனாலும் பரவாயில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.